சிறப்பு விருந்தினர் முத்துக்கருப்பன்

மதுரையில் நாலு பேருக்குப் பேர் தெரிந்த ஆட்கள் என்று யாரை எடுத்துக்கொண்டாலும், அதில் பாதிப் பேராவது முத்துக்கருப்பன் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். கவுன்சிலர் ஊற்றியிருக்கிறார், பல் டாக்டர் ஊற்றியிருக்கிறார், சீரியலில் மாமியாராக வருகிற அம்மாள் ஊற்றியிருக்கிறார். இதை அவர் பெருமையாகவும் சொல்லுவார், வயிறெரிந்தும் சொல்லுவார். பெருமை வெளியாட்களிடம், வயிற்றெரிச்சல் பொண்டாட்டியிடம்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளூர் கேபிளில் 'காளவாசல் கலாட்டா' என்று ஒரு நிகழ்ச்சி. காளவாசலில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நூறு பேர் உட்கார்ந்து பார்க்க, அப்படியே நேரடியாக ஓடும். நாலைந்து குட்டி நாடகங்கள், எல்லாம் சிரிப்பு. நடிகர்கள் நிரந்தரம். ஆனால் மேடையில் நின்று நடத்துகிறவர் வாரம் ஒருத்தர். அவருக்குச் சிறப்பு விருந்தினர் என்று பெயர். அவர் முதலில் மைக்கைப் பிடித்துக் கொஞ்ச நேரம் பேசுவார், பிறகு நாடகங்களிலும் தலையைக் காட்டுவார். கடைசி நாடகம் முடிகிற இடத்தில் ஒரு ஸ்டூல் மேல் ஏறுவார், டிரம்ஸ்காரர் காளை 'டமார்' என்று ஒன்று போடுவார், கீழே நிற்கும் முத்துக்கருப்பன் தலையில் குடம் கவிழும். பஸ்ஸில் சீட்டுச் சண்டையாக இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, பொண்ணு பார்க்கிற கதையாக இருந்தாலும் சரி, கடைசியில் குடத்தில்தான் வந்து நிற்கும். அது இல்லாவிட்டால் ஜனங்கள் எழுந்து போக மாட்டார்கள்.

முத்துக்கருப்பன் நடிக்க வந்த ஆளே இல்லை. செக்கானூரணிப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் செம்புக் கம்பிக் காயில் கட்டித் தருகிற தொழிலைக் கற்றுக்கொண்டு, பழங்காநத்தத்தில் கடை போட்டு உட்கார்ந்தவர். ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்து மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்று கூப்பிட்டார்கள். சரிசெய்துவிட்டு, தொட்டிக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க மாடிக்கு வந்தார். அன்றைக்குத்தான் முதல் நிகழ்ச்சி. நனைய வேண்டிய நடிகர் குடத்தையும் பார்த்தார், குளிரையும் பார்த்தார், "நான் வீட்டுக்குப் போறேன்" என்று இறங்கிவிட்டார். நிகழ்ச்சியை எழுதி நடத்துகிற வெங்கட்ரமணன் இன்சூரன்ஸ் ஆபீஸ் உத்தியோகஸ்தர், நாடகப் பைத்தியம். கையில் ஸ்பேனரோடு நின்ற முத்துக்கருப்பன்தான் அவர் கண்ணில் பட்டார். "ஒரு நிமிஷம் இங்க நில்லுய்யா. ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா நில்லு."

சும்மாதான் நின்றார். டமார் என்றது, தண்ணீர் விழுந்தது. என்ன ஏது என்று புரியாமல் மேலே பார்த்து, "மோட்டார் ஓடுது சார், தண்ணி வந்துருச்சு" என்றார். மண்டபமே நாற்காலியை விட்டு எழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு அவர் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரம் கூப்பிடாமலே வந்தார். அதற்கப்புறம் இருபது வருஷம் ஓடிப்போனது. மழையோ வெயிலோ, காய்ச்சலோ, கொழுந்தியாள் கல்யாணமோ, ஞாயிற்றுக்கிழமை என்றால் முத்துக்கருப்பன் நனைவார்.

விருந்தினர்களின் கதையை அவரிடம்தான் கேட்க வேண்டும். ஆரம்பத்தில் கூப்பிட்டால் ஒருத்தரும் வரவில்லை. கேபிள்காரரின் மச்சான் வந்தார். அடுத்த வாரம் அதே மச்சான் வேறு சட்டையில் வந்தார். பிறகு ஒரு ஜவுளிக்கடை முதலாளி வந்தார், கடைக்குக் கூட்டம் கூடியது, அதைப் பார்த்து ஊரே வரிசையில் நின்றது. பட்டிமன்றப் பேச்சாளர் ஒருத்தர் மைக்கை வாங்கியவர் திருப்பியே தரவில்லை. அன்றைக்கு நாடகமே கிடையாது, பேச்சு முடிந்து நேரே குடம்தான். மாடு பிடிக்கிற வீரர் ஒருத்தர் வேகத்தில் தண்ணீரோடு குடத்தையும் விட்டுவிட்டார். பேங்க் மேனேஜர் தவணையில் ஊற்றினார். பெண் இன்ஸ்பெக்டர் ஒருத்தர் மட்டும் விரலை விட்டுப் பார்த்து, "ரொம்பச் சில்லுன்னு இருக்கே, பரவாயில்லையா?" என்று கேட்டு ஊற்றினார். அவர்மேல் மட்டும் முத்துக்கருப்பனுக்குக் கோபம் கிடையாது. இப்போதெல்லாம் செல்போனில் பிரபலமான பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு பெண் ஒரு கையில் செல்பி எடுத்துக்கொண்டே மறு கையில் ஊற்றிவிட்டுப் போனாள், பாதித் தண்ணீர் டிரம்ஸ்காரர் காளைமேல் விழுந்தது.

வந்தவர்கள் அத்தனை பேரின் படமும் மண்டபத்து மாடிப்படிச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. சிரித்த முகம், தோளில் பொன்னாடை, கீழே பெயர். எல்லாப் படத்திலும் முத்துக்கருப்பன் இருக்கிறார். ஒன்றில் ஈரத் தோள், ஒன்றில் பாதிக் காது, ஒன்றில் வெறும் வழுக்கை. எந்தப் படத்திலும் அவர் பெயர் இல்லை. படி ஏறும்போது நேராகப் பார்த்து ஏறுவார், இறங்கும்போதும் நேராகப் பார்த்து இறங்குவார். ஆனாலும் எந்த ஆணியில் யார் தொங்குகிறார்கள் என்று அவருக்கு மனப்பாடம்.

பொறாமை அவருக்குப் பெரிய விஷயத்தில் மட்டும் வரவில்லை. வெங்கட்ரமணன் வீட்டு அம்மாள் ஸ்யாமளா பிளாஸ்கில் டிகிரி காபி கொடுத்து அனுப்புவார். அது விருந்தினருக்கு மட்டும். நடிகர்களுக்குக் கீழே கடை டீ. அந்தக் காபி வாசனை மேடைக்குப் பின்னால் சுற்றும்போது முத்துக்கருப்பனுக்கு மூச்சுவிடவே பிடிக்காது. விருந்தினருக்கு மின்விசிறி திரும்பும், விருந்தினருக்குத் துண்டு புதுசு. ஒரு சொட்டும் நனையாத ஆளுக்குப் புதுத் துண்டு எதற்கு என்று கேட்கத்தான் ஆளில்லை.

எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, தலை துவட்டிக்கொண்டே பொண்டாட்டி தாமரைச்செல்வியிடம் கொட்டுவார்.

"அந்தப் பல் டாக்டர் என்னத்தப் பேசிட்டான்? ஒருத்தனாவது சிரிச்சானா?"

"சிரிச்சாங்களே. நாந்தான் டிவில பாத்தேனே."

"அம்புட்டுப் பேரும் அவன்கிட்ட பல்லு காட்டுறவங்க. சிரிக்காட்டி ஊசிய ஓங்கிக் குத்திருவான்னு பயம்."

"ஒங்களுக்கு வயித்தெரிச்சல்ங்க."

"எனக்கா? எனக்கு என்னத்துக்கு?" என்பார். அன்றைக்குச் சோறு கொஞ்சம் கம்மியாகத்தான் இறங்கும்.

இதெல்லாம்கூடத் தாங்கியிருப்பார். தாங்க முடியாமல் போனது சூரியபிரகாஷால். திருநகர்ப் பையன். நிகழ்ச்சியில் மூன்று வருஷம் போல நடித்தான். பெரும்பாலும் போஸ்ட்மேன் வேஷம், சில வாரம் பிணம். அப்புறம் சென்னைக்குப் போனான். சினிமாவில் ஒரு படத்தில் சின்ன வேஷம், அடுத்த படத்தில் கொஞ்சம் பெரிசு, அதற்கடுத்த படத்தில் அவன் வாயைத் திறந்தாலே தியேட்டர் விசிலடித்தது. போன சித்திரையில் அவனைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். காளவாசல் சிக்னல் நகரவில்லை. பிணமாகப் படுத்துக் கிடந்த பயலுக்கு மாலை, பொன்னாடை, காபி. முத்துக்கருப்பன் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கண்ணில் மிளகாய்ப் பொடி விழுந்த மாதிரி இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஸ்டூல் மேல் ஏறிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு, எழுதிக் கொடுக்காத ஒரு வசனத்தை அவனாகச் சேர்த்தான்.

"என்னண்ணே, நான் போறப்பவும் நனைஞ்சுக்கிட்டு இருந்தீங்க, வாரப்பவும் நனைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கீங்க?"

டமார். தண்ணீர் விழுவதற்கு முன்னாலேயே சிரிப்பு விழுந்துவிட்டது. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, முடிந்ததும் கட்டிப்பிடித்துப் போட்டோகூட எடுத்துக்கொண்டான். ஆனால் அன்றைக்கு விழுந்த தண்ணீர் முத்துக்கருப்பனுக்குச் சுட்டது.

அடுத்த நாளே வெங்கட்ரமணனிடம் போய் நின்றார். "சார், ஒரே ஒரு வாரம் நான் விருந்தாளியா இருந்துக்கிறேன் சார்."

வெங்கட்ரமணன் சிரித்தார். "என்னய்யா முத்து, வீட்டு ஆளை யாராவது வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிடுவாங்களா?"

"சூரியபிரகாஷக் கூப்பிட்டீங்களே?"

"அவன் போயிட்டு வந்தவன்யா. போனாத்தானே வர முடியும்?"

அவர் விளையாட்டாகச் சொன்னதை, இதுதான் வழி என்று முத்துக்கருப்பன் பிடித்துக்கொண்டார். போனால் வரலாம். அவ்வளவுதானே? ரெண்டு வாரம் யோசித்து, மூட்டு வலி, ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி விலகினார். ஐயோ முத்து, நீ இல்லாமல் எப்படி என்று கையைப் பிடித்துக் கெஞ்சுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனவர். வெங்கட்ரமணன் முகம் வாடத்தான் செய்தது. ஆனால், "உடம்புதான்யா முக்கியம். இத்தனை வருஷம் நனைஞ்சது போதும்" என்று சொல்லிவிட்டார். கீழே இறங்கிவந்து பைக்கை எடுக்கும்போது முத்துக்கருப்பனுக்குக் கொஞ்சம் பகீரென்றது.

அவர் இடத்தில் ஸ்ரீகுமார் வந்தான். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற ஒல்லிப் பையன். முதல் சில வாரம் முத்துக்கருப்பன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து ஆனந்தமாக இருந்தார். "பாரு, பாரு, தண்ணி விழுறதுக்கு முன்னாடியே மூஞ்சி சுருங்குது. இவன் எல்லாம் ஒரு ஆளா?" ஜனங்களும் பேருக்குத்தான் சிரித்தார்கள். ஒரு வாரம் யாரும் சிரிக்கவே இல்லை. அன்றைக்கு அவர் ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் பாதகம் பண்ணினான். தண்ணீர் தலையில் கொட்டி ஓய்ந்ததும், ஒன்றுமே நடக்காத மாதிரி பின்பாக்கெட்டிலிருந்து ஒரு சீப்பை எடுத்தான். ஈரத் தலையை நிதானமாக, வகிடு எடுத்து வாரினான். சீப்பை உதறினான். திரும்பப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஊற்றியவருக்கு "தேங்க்ஸ் சார்" என்றான். மண்டபம் இடிந்து விழாத குறை. வாரம் முழுக்க ஊரே தலை வாரியது. ஸ்கூல் பிள்ளைகள் வாரின, ஷேர் ஆட்டோ டிரைவர் வாரினார், பழங்காநத்தம் டீக்கடையில் மாஸ்டர்கூட டீயை ஆற்றிவிட்டு ஒரு வாரு வாரினார்.

முத்துக்கருப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருபது வருஷமாக நின்ற நமக்கு ஏன் இந்தச் சீப்பு தோன்றவில்லை? தோன்றியிருந்தாலும் வார முடி இல்லை என்பது வேறு விஷயம். காயில் கட்ட மோட்டாரைக் கொண்டுவந்த ஒருத்தர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "அண்ணே, அந்தச் சீப்புத் தம்பி ஒங்களுக்கு அப்புறம் வந்தவர்தானே? சும்மா பின்றாருண்ணே" என்றார். அந்த ஆளின் மோட்டாரை முத்துக்கருப்பன் அன்றைக்கு முழுக்கத் தொடவில்லை.

இத்தனை நாள் ஊற்றுகிறவர்கள்மேல் இருந்த எரிச்சல் மொத்தமும் இடம் பெயர்ந்து நனைகிறவன்மேல் போய் உட்கார்ந்தது. விருந்தினர் யார் என்றுகூட இப்போது அவர் பார்ப்பதில்லை. கலெக்டரே வந்து நின்றாலும் அவர் கண் அந்தப் பின்பாக்கெட்டின் மேல்தான்.

இப்படி இருக்கும்போதுதான், இருபதாம் ஆண்டு விழா நிகழ்ச்சி என்று சொல்லி, வெங்கட்ரமணன் மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, ஆரஞ்சுப் பழம், நடுவில் அழைப்பிதழ்.

"இந்தத் தடவை சிறப்பு விருந்தினர் நீங்கதான். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

'என்னய்யா முத்து' எங்கேயோ போய், 'நீங்க' வந்திருந்தது. முத்துக்கருப்பன் கிரீஸ் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார். கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த தாமரைச்செல்விதான், "கட்டாயம் வாரோம்மா" என்றாள்.

காளவாசலில் பிளக்ஸ் வைத்தார்கள். ஆள் உயரத்துக்கு முத்துக்கருப்பன், காய்ந்த தலையோடு. அவர் வேண்டுமென்றே சிக்னலில் சிவப்பு விழுகிற மாதிரி பைக்கை மெதுவாக ஓட்டி, நின்று பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்த்தார்.

விழா அன்றைக்குப் பட்டு வேட்டி, சந்தனக் கலர் சட்டை. மேடைக்குப் பின்னால் மின்விசிறி அவர் பக்கம் திரும்பியது. பிளாஸ்க் திறந்தது. காபியில் சர்க்கரை கம்மிதான். இருந்தாலும் டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். ஓரத்தில் ஸ்ரீகுமார் பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தபடியே இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மைக்கைப் பிடித்துப் பேசினார். கண்ணாடி முன்னால் நின்று ஒரு மாதம் பழகிய பேச்சு. ஜனங்கள் கைதட்டினார்கள், சிரிக்கவும் சிரித்தார்கள். ஆனால் அது கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா பேசினால் சிரிக்கிற சிரிப்பு. இருபது வருஷம் நல்ல சிரிப்பைத் தலையில் வாங்கிய ஆளுக்கு வித்தியாசம் தெரியாதா? முதல் நாடகத்தில் ஸ்ரீகுமார் ஒன்றும் செய்யாமல் பின்பாக்கெட்டைத் தொட்டான். அதற்கே விசில் பறந்தது. முத்துக்கருப்பன் பட்டு வேட்டிக்குள் புழுங்கினார். எதற்கு ஆசைப்பட்டாரோ அது கையில் இருக்கிறது. ஆனால் கூட்டம் அவன் பக்கம் இருக்கிறது.

கடைசி நாடகம் வந்தது. ஸ்ரீகுமார் கீழே நின்றான். முத்துக்கருப்பன் ஸ்டூலில் ஏறினார். குடத்தைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்தார். மனசுக்குள் ஒரு திட்டம் இருந்தது. தலையில் ஊற்றக் கூடாது. சீப்பை எடுக்கக் கை போகும் பாருங்கள், அந்தக் கையில் ஊற்ற வேண்டும். சீப்பு தெறித்து நாற்காலிக்கு அடியில் போய் விழ வேண்டும். தேடட்டும் பயல், ஊர் பார்க்கட்டும். நல்ல எண்ணம் இல்லைதான். ஆனால் அந்த நிமிஷத்தில் அவரிடம் வேறு எண்ணமே இல்லை.

காளை டமார் என்று போட்டார்.

இருபது வருஷமாக அந்தச் சத்தம் கேட்டதும் முத்துக்கருப்பனின் உடம்பு ஒரே ஒரு வேலையைத்தான் செய்து பழகியிருந்தது. கண் தானாக மூடியது. கழுத்து தோளுக்குள் இறங்கியது. மூச்சு நின்றது. முழங்கை ரெண்டும் மடங்கின. குடம் முன்னால் சாயவில்லை. நேராக அவர் தலையிலேயே கவிழ்ந்தது.

சில்லென்று முதுகு வழியாக ஓடியது. பட்டு வேட்டி காலோடு ஒட்டியது. மானம் போயிற்று என்றுதான் முத்துக்கருப்பன் நினைத்தார். விருந்தாளியாகக் கூப்பிட்டும் நாம் நனையத்தான் லாயக்கா?

அப்புறம் வந்தது சிரிப்பு. முன்வரிசையில் ஒரு அம்மாள் நாற்காலியோடு சரிந்தார். காளை குச்சியைக் கீழே போட்டுவிட்டு டிரம்மைக் கட்டிக்கொண்டு குலுங்கினார். கேமராக்காரரின் தோள் ஆடி, வீட்டில் பார்த்தவர்களுக்கெல்லாம் படம் ஆடியது. வெங்கட்ரமணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். சூரியபிரகாஷ் வந்த அன்றைக்குக்கூட இப்படி ஒரு சிரிப்பு அந்த மாடியில் கேட்டதில்லை. அது ஓய்கிற மாதிரி ஓய்ந்து, ஸ்டூல் மேல் வாயைப் பிளந்து நிற்கிற விருந்தினரைப் பார்த்ததும் மறுபடி கிளம்பியது.

கீழே ஸ்ரீகுமார் ஒரு சொட்டு நனையாமல் நின்றான். கையில் சீப்பை எடுத்துவிட்டிருந்தான். என்ன செய்வது என்று தெரியாமல் காய்ந்த தலையை ஒரு வாரு வாரிப் பார்த்தான். ஒருத்தரும் அவன் பக்கம் திரும்பவில்லை. இன்னொரு தடவை வாரினான். பிறகு கையை இறக்கினான். கேமராவுக்காகப் பல்லைக் காட்டியபடியே, முத்துக்கருப்பனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அண்ணே, அது என் தண்ணிண்ணே."

முத்துக்கருப்பன் அவன் முகத்தைப் பார்த்தார். உதடு சிரித்தது, கண் எரிந்தது. அந்த முகத்தை அவருக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டுதான் அவர் இருபது வருஷம் படி இறங்கினார். பாவம் பையன் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் தன்னைப் பார்த்து ஒருத்தன் வயிறெரிகிறான் என்கிற சந்தோஷம் அதைவிடப் பெரிசாக இருந்தது. அவர் ஸ்டூலை விட்டு இறங்காமல், ஈரம் சொட்டச் சொட்ட, கூட்டத்தைப் பார்த்து இன்னொரு தடவை கும்பிட்டார்.